சக்கரக் குழியில் ஒரு கை

நீங்கள் இத்தனை வருடமாகப் பார்த்த வேலையை நீங்கள்தான் பார்த்தீர்கள் என்று நாளைக்கே நிரூபிக்கச் சொன்னால், எதைக் காட்டுவீர்கள்? சம்பளச் சீட்டு இருக்கும். அடையாள அட்டை இருக்கும். எவரோ ஓய்வு பெற்ற அன்று எடுத்த குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் உங்கள் தலை தெரியும். இவற்றில் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன செய்வீர்கள்?

ஞானசேகரனிடம் ஒரு கை இருந்தது. மோதிர விரலில் ஒரு கணு குறைந்த வலது கை.

தாராவியில் ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி அறை அவருடையது. அறுபத்தோரு வயது. ஏணியில் பதினொரு படி. ஐந்தாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சத்தை ஏறுவார். பத்தொன்பது வருடம் அவர் விமானத்துக்குப் பெயின்ட் அடித்தவர். ராணுவம் கழித்துவிட்ட பழைய சரக்கு விமானங்களை வாங்கி, சீர்செய்து, பழைய ராணுவ நிறத்தையே மறுபடி பூசி, காட்சிக்கு நிறுத்த விற்ற ஒரு கம்பெனியில் வேலை. பழைய பெயின்டைச் சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மஞ்சளும் பச்சையும் கலந்த பிரைமரை அடிப்பூச்சாக அடிப்பது. முகமூடி என்று அவருக்குக் கிடைத்தது சொந்தக் கைக்குட்டை. அந்தத் தூசிதான் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். தொழிலால் வந்த நோய் என்று தீர்ப்பானால் வைத்தியம் முழுக்கக் கம்பெனியின் பொறுப்பு. அதற்கு அவர் அங்கே வேலை பார்த்தார் என்று நிரூபணமாக வேண்டும்.

கம்பெனி ஒரே வரியில் பதில் எழுதியது: ‘ஞானசேகரன் என்று எவரும் இங்கே வேலை பார்த்ததில்லை.’

பொய்யென்று அடித்துச் சொல்ல முடியாத பொய். புதிதாக ஓர் ஆளுக்குக் கேட் பாஸ் எழுதினால் அவனுக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டிவரும். ஆகவே கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்த கான்ட்ராக்டர் புதுப் பாஸே எழுதவில்லை. வேலையை விட்டு ஊருக்குப் போனவர்களின் பாஸ்களைத் திரும்பத் திரும்ப ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஞானசேகரனுக்கு வாய்த்தது காசிராஜன் என்பவருடைய பாஸ். அந்தக் காசிராஜன் கறுப்பா சிவப்பா என்றுகூட இவருக்குத் தெரியாது. தின்னர் பட்டுப் பட்டு பாஸிலிருந்த முகம் வெளுத்துவிட்டதால் காவல்காரனும் கேட்டதில்லை. ஒருநாள் உருளும் மேடையின் சக்கரத்தில் சிக்கி விரல் துண்டானபோது, கட்டுப்போட்ட சீட்டில்கூட ‘காசிராஜன்’ என்றே எழுதினார்கள். வலி மட்டும் ஞானசேகரனுடையது.

இப்படி அடுத்தவன் பெயரில் உழைத்த பதினாறு பெயின்டர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு விமானத்திலும் ஒருவன், முறை வைத்து, ஈரப் பிரைமரில் கையை முக்கி, சக்கரம் மடங்கி ஒளியும் குழிக்குள் அழுத்திவிடுவான். பெயர் எழுதலாம் என்றால் எவன் பெயரை எழுதுவது? அதனால் கை.

ஞானசேகரன் வேலை போய் வீட்டில் முடங்கிய பிறகு, கல்யாண ஆல்பம் செய்யும் கடையில் வேலை பார்க்கும் மகள் அனிஷாவின் கம்ப்யூட்டர் பகலில் சும்மா கிடந்தது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். ஞானசேகரன் ஓட்டவில்லை. பார்த்ததும், “பச்சை தப்பா இருக்கு” என்றார். பிறகு விடவில்லை. அந்த விளையாட்டில் விமானத்தின் மேல்தோலைத் தனியாக எடுக்கலாம். தாராவித் தோல் கிடங்கில் விரித்துப்போட்ட ஆட்டுத்தோல் மாதிரி தட்டையாக வரும். அதன்மேல் வர்ணம் தீட்டித் திரும்பப் போர்த்தினால், திரையில் பறக்கும் விமானம் புது நிறத்தில் பறக்கும். தான் அடித்த டகோட்டா என்ற பழைய சரக்கு விமானத்தை ஆணிக்கு ஆணி நினைவிலிருந்து தீட்டினார். எண்ணெய் வழிந்த கறை, ஏணி சாய்த்துத் தேய்ந்த இடம், எல்லாமே.

“எப்பா, சக்கரத்துக்கு மேல உள்ள குழிய எவன் பாக்கப் போறான்? அதுக்கு மூணு நாளா?” என்றாள் அனிஷா.

“நான் பாப்பேம்லா.”

குழிக்குள் தன் கையையும் தீட்டினார், கணு குறைந்த விரலோடு. அனிஷா அதை இணையத்தில் இலவசமாக ஏற்றினாள். எங்கெங்கோ இருக்கும் விமானப் பித்தர்கள் ஆயிரக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். ‘அற்புதம்’ என்று எழுதினார்கள். பெயின்டர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒருநாள், வழக்கை எடுத்து நடத்திய தொழிற்சங்க வக்கீல் உமாமகேஸ்வரி செம்பூரிலிருந்து வந்தார். வெறுங்கையோடு திரும்ப இருந்தவர், திரையைப் பார்த்து நின்றார்.

“என்ன ஐயா இது, கையா?”

“ஆமாம்மா, நம்ம கைதான்.”

“கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?”

“இது வரைஞ்சது. அங்க இருக்கது வச்சது.”

“எங்கே?”

“கல்யாண் தாண்டி ஒரு காலேஜ் வாசல்ல ஒரு டகோட்டா நிக்குல்லா, அதுல. இடது சக்கரத்துக்கு மேல. நம்ம கை வச்சதுல எங்க நிக்குன்னு தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

உமாமகேஸ்வரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஒன்றரை வருஷமா இதை ஏன் ஐயா சொல்லல?”

“நீங்க பேப்பர்தான கேட்டிய.”

நேரில் பார்வையிட மனுப் போட்டு, நாள் கிடைக்கப் பதினொரு மாதம் ஆனது. கிளம்புகிற நாள் புதன்கிழமை. மனைவி சவரியம்மாள் மாஹிம் மாதா கோயில் நொவேனா ஜெபத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“மாதாகிட்ட என் பேர்ல ஒரு கேட் பாஸ் வாங்கிட்டு வாட்டி” என்றார் ஞானசேகரன்.

“வாயப் பாரு. மூச்சுதான் இல்ல, பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.”

கல்லூரி வாசலில் டகோட்டா புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. இருபது வருட வெயிலில் நின்ற விமானம் இப்படிப் பளபளக்காது. விசாரணை அதிகாரி, கம்பெனி வக்கீல், கல்லூரி அழைத்திருந்த அனந்த் என்று மூன்று பேர் காத்திருந்தார்கள். அனந்த் மாட்டுங்காக்காரர், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர், பழைய விமானங்களைப் பேணும் ஒரு குழுவின் செயலாளர். விஷயம் கேட்டதும் ஓடிவந்து ஞானசேகரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், கேம்ல இருக்கற அந்த ரீபெயின்ட் நீங்க பண்ணினதா? நம்பவே முடியலே! அதைப் பார்த்துத்தான் சார் நாலு மாசம் முன்னாடி இதை அடிச்சோம். ஒவ்வொரு கறையும் உங்க ஃபைல்ல இருக்கறபடியே!”

“குழிக்குள்ளயுமா?” என்றார் ஞானசேகரன்.

“விடுவோமா சார்? துரு ஏறியிருந்தது. வெறும் தகடு தெரியற வரைக்கும் சுரண்டி, புது பிரைமர் அடிச்சு, நீங்க வரைஞ்ச கையை ஸ்டென்சில் வெட்டி அதே இடத்துல வெச்சோம். மோதிர விரல் மட்டும் பாதியில நின்னுது. ஃபைல்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சு, நாங்களே முழுசாக்கிட்டோம்.”

அதிகாரி ஸ்டூலில் ஏறிக் குழிக்குள் டார்ச் அடித்தார். கையச்சுக்குப் பக்கத்தில் ஞானசேகரனைக் கை வைக்கச் சொன்னார். ஞானசேகரன் ஏறினார், இரண்டே படி, அதற்கே இளைத்தது. வைத்தார். அங்கே ஐந்து முழு விரல்கள். இங்கே நாலரை. ‘கையச்சு புதியது. மனுதாரரின் கையோடு பொருந்தவில்லை’ என்று அதிகாரி எழுதினார். பார்த்ததைத்தான் எழுதினார்.

அனந்தின் முகம் செத்துவிட்டது. “சுரண்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?” என்று உமாமகேஸ்வரி கேட்டதும் போனைத் தேடு தேடென்று தேடினார். மூக்கு இருந்தது, வால் இருந்தது, இறக்கை இருந்தது. குனிந்து குழியை எடுத்தவர் ஒருவருமில்லை. அன்றே உலகத்துப் பித்தர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டார். நாற்பது பேர் பதில் போட்டார்கள். நாற்பதும் மூக்கும் வாலும்தான்.

“அந்தக் கைய நான் வரைஞ்சதப் பாத்துத்தான் அடிச்சாங்கன்னு இவரு சாட்சி சொன்னா?” என்று ஞானசேகரன் கேட்டார்.

கம்பெனி வக்கீல் முந்திக்கொண்டார். “தாராளமா சொல்லட்டும். விளையாட்டுல நீங்களே வரைஞ்ச கை, நீங்களே காட்டுற ஆதாரம்.”

வீட்டில் சவரியம்மாள் எல்லாம் கேட்டுவிட்டு, “கர்த்தர் சித்தம்” என்றார். இல்லை. கர்த்தரை இதில் இழுக்க வேண்டாம். ஒரு பாஸில் ஒரு பெயரை மாற்றி எழுதாதவனின் சித்தம் இது. பாராட்டிய ஆயிரம் பேருக்கும் விமானம்தான் கண்ணில் பட்டது, அதைத் தேய்த்தவன் படவில்லை. அனந்த் கெட்டவர் அல்ல. அவருக்கு ஒரு குறை விரல் பிழையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு தொழிலாளியின் உடம்பில் தொழில் வெட்டிய குறையைப் பிழை என்று பார்க்க நம் எல்லாருக்கும் பழக்கப்பட்டுவிட்டது.

அடுத்த விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். கொண்டுபோக ஒன்றுமில்லை. ஞானசேகரன் ஐந்தாவது படியில் உட்கார்ந்திருக்கும் நேரம் இப்போது கூடிவிட்டது. கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. சாட்சிக்கு வரக்கூடிய பெயின்டர்கள் யாரென்று வக்கீல் கேட்டபோது அவர் சொன்ன பதினைந்து பெயர்களும் பாஸில் இருந்த பெயர்கள். கூட வேலை பார்த்தவர்களின் சொந்தப் பெயர் அவருக்கும் தெரியாது.

இதைப் படித்து முடித்ததும் உச்சுக்கொட்ட வேண்டாம். உங்கள் வீட்டில், கடையில், ஆபீசில் இன்றைக்கு ஒருவர் சுவர் தேய்த்துக்கொண்டோ, குழாய் மாட்டிக்கொண்டோ, தரை துடைத்துக்கொண்டோ இருப்பார். அவரிடம் சொந்தப் பெயரைக் கேளுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் அந்தப் பெயரையும், என்ன வேலை, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு, அவர் கையில் கொடுங்கள். இன்றே கொடுங்கள்.