வலிக்காத கட்டி

சுவருக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூரைக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆள் நெடுநெடுவென்று உயரம். சாரத்தில் ஏறி, அண்ணாந்து, ரோலரைத் தலைக்கு மேல் ஓட்டினால் ஒரு சொட்டு பெயிண்ட் கீழே விழாது. கூட வேலை பார்த்தவர்கள் 'ஒட்டடை' என்று பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது சிகரெட் பிடிக்க முடியாது. அதனால் புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார். நாக்கின் ஓரத்தில் புண் வந்தபோது பல் குத்திவிட்டது என்றார். ஆறவில்லை. மகள்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். அவள் வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். சதையைக் கிள்ளிப் பரிசோதித்தார்கள். புற்றுநோய். சின்னதுதான்.

அறுவை மருத்துவர் கழுத்தை நிதானமாகத் தடவிப் பார்த்தார். எதுவும் தட்டுப்படவில்லை. ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை.

"அப்ப கழுத்து சுத்தம்தானே டாக்டர்?"

"தெரிஞ்ச வரைக்கும் சுத்தம். நாக்குல வர்றது முதல்ல கழுத்துல நெறி கட்டுற இடத்துக்குத்தான் இறங்கும். கடுகளவு இருந்தா கைக்கும் தெரியாது, ஸ்கேனுக்கும் தெரியாது. உங்க புண்ணு ஆழமாப் போயிருக்கு. நாக்கோட சேத்து அந்த நெறி முடிச்சுகளையும் எடுத்துடறது நல்லது."

"எடுத்தா கைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தோளுக்குப் போற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. கொஞ்ச காலம் கையைத் தூக்கறது கஷ்டம். பெரும்பாலும் சரியாயிடும். சிலருக்கு முழுசா திரும்பாது."

"அப்புறம் கூரையைக் காலால அடிக்கிறதா?"

மனைவிக்குக் கழுத்தில் கத்தி என்ற பேச்சே ஆகவில்லை. "வேண்டவே வேண்டாங்க," என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மகள் மட்டும் விடவில்லை.

"கூரை பெருசா, நீங்க பெருசாப்பா?"

"கூரைதாம்மா பெருசு. அண்ணாந்து பாரு."

கடைசியில் நாக்கில் மட்டும் வெட்டினார்கள். கழுத்தை மாதாமாதம் ஸ்கேனில் பார்ப்பது என்று முடிவாயிற்று. "ஒரு மாசம்கூடத் தப்பக் கூடாது," என்றார் மருத்துவர்.

முதலில் ஒழுங்காகத்தான் போனார். கழுத்தில் ஜெல் தடவும் பெண்ணிடம், "ஒரே கோட்டிங்தானா?" என்று கேட்டுச் சிரிக்க வைப்பார். ஒருநாள் தாடைக்குக் கீழே ஒரு வீக்கம்; தொட்டாலே உயிர் போனது. ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள். பல்லில் பிடித்த சீழின் கைவரிசை. மாத்திரையில் வடிந்தது.

அதிலிருந்து அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். வலித்தால் பார்க்க வேண்டும், வலிக்காவிட்டால் கவலையில்லை. அது நேர் தலைகீழ். கிருமியால் வீங்கியது வலிக்கும், விரலுக்கு நழுவும். புற்றுநோய் ஏறியது பெரும்பாலும் சத்தம் போடாமல் கல்லாக உட்காரும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு பெரிய அரங்கத்தின் கூரை வேலை வந்தது. சாரம் கட்டிவிட்டால் நடுவில் இறங்க மனம் வராது. மகள் போனில் கேட்பாள்.

"ஸ்கேனுக்குப் போனீங்களா?"

"போனேம்மா. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

அடுத்த மாதமும் அதே பதில். அதற்கடுத்த மாதமும்.

சவரம் செய்பவர்தான் கண்டுபிடித்தார். "என்ன ஒட்டடை அண்ணே, கோலிக்குண்டை முழுங்கிட்டீங்களா?"

"அது ரொம்ப நாளாக் கெடக்கு. வலிக்கல."

சவரக்காரர் மறுபடி தொட்டுப் பார்த்தார். கத்தியை மடக்கி வைத்தார். "நகரவே மாட்டேங்குதுண்ணே. பொண்ணுகிட்டக் காட்டுங்க."

மகள் தன் மருத்துவமனைக்கே வரச்சொன்னாள். கழுத்தில் கருவியை வைத்து மெதுவாக நகர்த்தினாள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாள். அவர் படுத்தபடியே திரையைப் பார்த்தார். கறுப்பாக ஒரு உருண்டை.

"என்னம்மா, பேச்சையே காணோம்?"

"நல்ல நெறின்னா மொச்சைக்கொட்டை மாதிரி நீளமா இருக்கணும்பா. நடுவுல வெள்ளையா ஒரு கோடு ஓடணும். இதுல இல்ல."

"அப்படின்னா?"

"பரவியிருக்குப்பா." கருவியை எடுத்து வைத்தாள். "கடைசியா எப்பப் போனீங்க?"

அரங்கத்துச் சாரத்தில் ஏறிய பிறகு போகவே இல்லை என்று சொன்னார். அவள் துணியை எடுத்து அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுபடி ஊசி, பெரிய ஸ்கேன் எல்லாம் ஆனது. அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாயைச் சுத்தி வளைச்சிருக்கு. இப்ப கத்தி வைக்க முடியாது. கதிர் சிகிச்சையும் மருந்தும் குடுக்கலாம். கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம், அவ்வளவுதான்."

இந்த முறை கைக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை.

வெளியே நடையில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரப் பயம்.

"என்னங்க சொன்னாங்க? கழுத்துல ஆபரேஷனா?"

"தேவையில்லைன்னுட்டாங்க."

"அப்பாடா." அவள் முகம் கழுவிவிட்டதுபோல் ஆயிற்று. "ரெண்டு நாளா ஒரு வாய் இறங்கலை எனக்கு. நான் அப்பவே சொன்னேன்ல, கத்தியெல்லாம் வேண்டாம்னு? இந்தப் பொண்ணு கேட்டாளா? அப்ப மருந்துலயே சரியாயிடும், இல்ல?"

அவர் மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார்.

மகள் பார்க்காததுபோல், பெஞ்சில் கிடந்த பையை எடுத்துத் தரையில் வைத்து இடம் செய்தாள்.

"அம்மா, இப்படி உக்காரு."