முடிந்த ஆட்டத்துக்கு ஒரு மெழுகுவத்தி

கனடாவிலிருந்து மகன் போனில் பேசும்போது, பின்னால் டிவியில் கூட்டம் இரைந்தது.

"எங்க ஊரு ஃபுட்பால் டீம் இந்த வருசம் தோத்துக்கிட்டே இருக்கும்மா" என்றான்.

எனக்கோ கப்பலில் வந்த பழைய செய்தித்தாளின் ஈரவாடை மூக்கில் ஏறியது.

அறுபதுகளில் எங்கள் திண்டுக்கல் மாதாகோயில் பங்கில் ஒரு கனடாக்காரச் சாமியார் இருந்தார். அவர் ஊர்ப் பேப்பர்கள் மாதக்கணக்கில் தாமதித்து மொத்தமாக வந்து சேரும். ஞாயிறு பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு வாரத்துப் பேப்பரை மட்டும் பிரிப்பார். மீதியைத் தொடமாட்டார். பூ உதிர்ந்து எழுத்தை மூடும், ஊதிவிட்டுப் படிப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அவர் ஊர் ஃபுட்பால் டீம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். வாராவாரம் கழற்றினார்.

அவருக்குச் சமைத்துப்போட்ட என் அத்தைக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்தாள்.

"ஆட்டமெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு, மரியம்மா" என்று சாமியார் சிரித்தார்.

"இருக்கட்டும் சாமி. நான் இன்னைக்கு ஏத்துவேன்னு அந்தோணியாருக்கு அன்னைக்கே தெரியாமலா இருந்திருக்கும்?"

கடைசிப் பேப்பரையும் படித்துவிட்டுச் சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். அன்று மதியம் அத்தை அவர் தட்டில் இன்னொரு கரண்டி வெஞ்சனம் வைத்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கியா? ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்றான் மகன்.

"யாரு ஜெயிச்சதுன்னு சொல்லாத. செத்த நேரம் பொறு" என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினேன்.