பாயிஸாவின் ஜன்னல் சீட்டு

கள்ளக்குறிச்சி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சாதுல்லாவின் மனைவி பாயிஸா, விமானத்தில் தூங்கியே தீருவது என்று சபதம் எடுத்தாள். சிரிக்காதீர்கள். இதெல்லாம் ஒரு சபதமா என்று அவள் புருஷனும்தான் சிரித்தார். அவளுக்கு அது மானப் பிரச்சினை.

மகள் நிஷாத்தின் முதல் பிரசவத்துக்கு டொரண்டோ போயிருந்தாள். துவைத்துத் துவைத்துப் பஞ்சாய்ப் போன தன் பழம்புடவையில் பேரப்பிள்ளையை முதல் ஆளாக வாங்க வேண்டும் என்று ஆசை. அவள் குடும்பத்தில் பெண்ணைப் பெற்றவள்தான் அப்படி வாங்குவது வழக்கம். ஆனால் போன வழியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கண் விழித்தபோது பிள்ளை சம்பந்தி அத்தியாவின் கையில் இருந்தது. புடவை பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அத்தியா சும்மா இருப்பாளா? போனில் யார் கிடைத்தாலும், "பேரன் பொறக்கசொல்ல எங்க சம்பந்தி கொறட்டை வுட்டுக்கினு இருந்தாங்க" என்று ஒரு பாட்டம் பாடிவிடுவாள். கேட்கும்போதெல்லாம் பாயிஸாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது இரண்டாவது பிரசவம். விசா இழுத்தடித்ததில், ஆபரேஷனுக்குக் குறித்த நாளன்றுதான் போய் இறங்க முடியும் என்று ஆகிவிட்டது. இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரி.

"ஒரு தூக்க மாத்திரை போட்டுக்கோயேன்" என்றார் சாதுல்லா.

"எனக்குத் தூக்கம் வராம இல்லீங்க. யாரும் தூங்க வுடறதில்ல. அதுக்கு எந்தக் கடையில மாத்திரை விக்கிறாங்க?"

அவள் சொன்னது பொய்யில்லையே. கச்சிராயபாளையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முதல் ரமலானிலிருந்து அந்த வீட்டுக்கு அலாரமே அவள்தான். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு முன்பே எழுந்து சோறாக்கி, ஒவ்வொருவராக உலுக்கி எழுப்பி, கடைசியில் கொழுந்தன் சர்புதீனின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவதற்குள் உயிர் போய்விடும். நோன்பு முடிந்தாலும் பழக்கம் முடியவில்லை. எங்கேயாவது தட்டு சத்தம் கேட்டால் போதும், யாரோ சாப்பிட வந்துவிட்டார்கள் என்று கண் திறந்துகொள்ளும்.

முதல் பயணத்தில் நடந்ததும் அதுதான். யாரோ கேட்டார்கள் என்று ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவர்கள் பாத்ரூம் போகும்போதெல்லாம் எழுந்து நின்றாள். சாப்பாட்டு வண்டி உருண்டால் நிமிர்ந்தாள். வைத்ததை வேண்டாம் என்பது மரியாதையில்லை என்று எல்லாவற்றையும் தின்றாள், ஊற்றிய டீயை எல்லாம் குடித்தாள். போதாக்குறைக்கு, பாவம் ஒற்றை ஆளாக எடுக்கிறாளே என்று பணிப்பெண்ணுக்குப் பக்கத்து வரிசைத் தட்டுகளையும் அடுக்கிக் கொடுத்தாள்! பந்தி முடியாமல் வீட்டுக்காரி படுப்பாளா? அந்தப் பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக்காரி மட்டும் போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போட்டு, கண்ணைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பெல்ட் போட்டிருக்கிறாளா என்று பார்க்கக்கூட அவளை ஒருத்தரும் எழுப்பவில்லை. பாயிஸாவுக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

இந்த முறை பழம்புடவை கைப்பையில் ஏறியது. விமானம் மாறும் ஊரிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, டீயைத் தொடாமல் ஏறினாள். அவளுடைய ஜன்னல் சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நம்ம பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது.

"நீங்க இந்த ஓரத்துல உக்காந்துக்கங்கம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அட்ஜஸ்ட்! பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த வார்த்தைகளில் இதுதான் ஜாஸ்தி.

"முடியாதுங்க" என்றாள்.

"இல்லம்மா, நான் வேடிக்கை பாத்துக்கினு வரலாம்னு..."

"நீங்க வேடிக்கை பாக்கணும். நான் தூங்கணும். சீட்டு என்னுது. எழுந்திருங்க."

குரல் கணீரென்று வந்துவிட்டது. அந்த ஆள், "இன்னா பொம்பளடா சாமி" என்று முணுமுணுத்தபடி எழுந்தார். முணுமுணுக்கட்டுமே, அதனால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்?

பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "நோ புட், நோ டீ, ஸ்லீப்" என்று கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள். போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போட்டாள். பழம்புடவையைச் சுருட்டிக் கழுத்துக்குக் கொடுத்து, மிச்சத்தை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வண்டி உருளும் சத்தம். தட்டு சத்தம். கண் திறந்துகொண்டது. கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது.

"அவங்கவங்க போட்டுத் தின்னட்டும்" என்று வாய்விட்டே சொன்னாள். கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்கு நினைவில்லை. இறங்கும்போது பணிப்பெண் தோளைத் தொட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நல்ல வெயில் நேரம். நிஷாத் கட்டிலில் கிடந்தாள். பக்கத்து நாற்காலியில் அத்தியா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்தாள். பாயிஸா புடவையை விரித்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பெண் குழந்தை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அத்தைய எழுப்பும்மா" என்றாள் நிஷாத். "பாவம், பெரியவனைப் பாத்துக்கினு ராவெல்லாம் முழிச்சிக்கினு இருந்தாங்க."

"கண்ணாலம் ஆனதுலேர்ந்து எல்லாரையும் எழுப்பியாச்சுடி. இன்னிக்கு நான் யாரையும் எழுப்பறதா இல்ல. தூங்கட்டும்."

பிள்ளை கொட்டாவி விட்டது. பாயிஸா குனிந்து அதன் காதோரம் சொன்னாள்:

"நீயும் தூங்குடி என் ராஜாத்தி. யாரு வந்து கேட்டாலும் எழுந்திரிக்காத."