அத்தான் சேர்த்த போத்தல்கள்

என் அக்காவின் கணவர் 2009 வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்வலங்களுக்குப் போனார். ஊரில் சண்டை முடிந்த பிறகு பழைய சாமான் சந்தைகளுக்குப் போகத் தொடங்கினார். இரண்டு இடத்திலும் அவர் முன்னுக்கு நின்று படம் எடுப்பித்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் எனக்கு ஞாபகமில்லை.

அத்தானுக்கு ரூ காய் தெருவில் சேலைக்கடை, லெ பிளாங்-மெனில் புறநகரில் வீடு. இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் பிரெஞ்சில் விலை கேட்க மட்டும்தான் தெரியும். மொழிபெயர்க்க நான் கூடப் போவேன். கல்யாணம் கட்டாதவன், அலுவலகம் ஒன்றில் கடிதம் எழுதுகிற வேலை. ஞாயிறு மத்தியானம் அக்காவின் சோற்றுக்காக எதையும் பொறுத்துக்கொள்வேன்.

முதல் சோடிப் போத்தல்களைச் சந்தையில் ஒரு கிழவியின் மேசையில் கண்டார். ஊதாக் கண்ணாடி, நீண்ட கழுத்து, பருத்த வயிறு. மேலே எனாமலில் வெள்ளைப் பூக்களும் பொன்னிறப் புள்ளிகளும்; தடவினால் விரலில் தட்டுப்படும். உண்மையாகவே அழகானவை. அத்தான் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் அந்த அழகு கொஞ்சம் குறைந்தது.

"என்ன சாமானெண்டு கேள்," என்றார்.

கிழவி பொறுமையாகச் சொன்னாள். நூறு வருடத்துக்கு மேல் பழையவையாம். முடிவெட்டுகிற கடைகளில் கண்ணாடிக்கு முன்னால் வைப்பார்களாம். ஒன்றில் சவரம் செய்த முகத்துக்குத் தடவும் வாசனைத் தண்ணீர், மற்றதில் தலைக்குத் தேய்க்கும் தைலம்.

"வாசனைத் தண்ணி வைச்ச போத்தலாம், அத்தான். நூறு வருசப் பழசாம்," என்றேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் லா ஷாப்பெல்லில் சலூன் வைத்திருந்தார். அத்தானின் கடையிலிருந்து ஐந்து நிமிட நடை. அத்தானோ தலைமயிர் வெட்ட ஒபர்வில்லியே வரைக்கும் பஸ் ஏறிப் போவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"அவன்ரை தேப்பன் எங்களுக்குத் தலைமயிர் வெட்ட எங்கடை வளவுக்குப் பின்பக்கத்தாலை வந்தவன். அவனுக்கு முன்னாலை நான் தலை குனிஞ்சு இருக்கிறதோ?" என்றார். பக்கத்தில் அக்கா கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அப்படிப்பட்ட மனிசன் முடிவெட்டுகிற கடைப் போத்தல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். மூன்று வருடத்தில் பதினொன்று. பச்சை, நீலம், பால் வெள்ளை. ஹோலில் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலுமாரி செய்வித்து, உள்ளே விளக்கும் போட்டார். வருகிறவர்களிடம், "இதெல்லாம் பிரெஞ்சு ராசகுடும்பத்துப் பெண்டுகள் சென்ட் வைச்ச போத்தல்," என்பார். ராசகுடும்பம் அவராகவே சேர்த்தது. கேட்டவர்கள் வாயைத் திறந்துகொண்டு தலையாட்டினார்கள். நான் சோற்றைக் குழைத்தபடி உள்ளுக்குள் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள். சலூன்காரரின் மகளும் அவளும் ஒரே வகுப்பு. மகளைக் கூட்டிப்போக அவர் வந்தபோது நல்ல மழை. அக்கா வாசலில் நின்று, "நனையாமல் உள்ளுக்கு வாங்கோ," என்று கூப்பிட்டுவிட்டாள். அத்தான் அப்போது அலுமாரிக்கு முன்னால் நின்று நாலைந்து பேருக்கு ராசகுடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணை, இது சலூன் போத்திலெல்லோ. எனக்குத் தொழில் பழக்கின பிரெஞ்சுக்காரன் போகேக்கை இப்பிடி ஒரு சோடி தந்திட்டுப் போனவன். கண்ணாடிக்கு முன்னாலை வைச்சிருக்கிறன். நீங்கள் இவ்வளவு ஆசையாய்ச் சேர்க்கிறியள் எண்டு தெரியாமல் போச்சுதே."

அவர் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அத்தானை இன்னும் வெட்டியது.

"இல்லை, இது வேறை," என்றார் அத்தான்.

அக்காவின் மகள் தொலைபேசியில் தேடி, முதலில் பிரெஞ்சிலும் பிறகு விருந்தாளிகளுக்காகத் தமிழிலும் வாசித்தாள். முடிவெட்டுகிறவர்களின் போத்தல்; படமும் அதேதான். ஒருவர் இருமினார். மற்றவர்கள் கேக்கைப் பார்த்தார்கள். சலூன்காரர் எல்லார் முகத்தையும் பார்த்தார்; அவருக்கு விளங்கிவிட்டது. தன் மகளைக் கூட்டி, அவள் குடையையும் எடுத்துக்கொண்டு, "வாறம்," என்று வெளியேறினார்.

அடுத்த ஞாயிறு அலுமாரியில் பிளாஸ்டிக் ரோசாப்பூ இருந்தது. போத்தல்கள் ஒரு அட்டைப்பெட்டிக்குள். "எங்கையெண்டாலும் கொண்டு போ," என்றார் அத்தான், பெட்டியைத் தொடாமல் காலால் தள்ளி.

நான் அதைச் சலூனுக்குக் கொண்டுபோனேன். நீதி செய்யப் போகிறவன் மாதிரி நிமிர்ந்துதான் போனேன். கிழவி முதல் நாளே சொன்னதையும், அத்தான் அவரைப் பற்றிச் சொன்னதால் நான் அதை மறைத்ததையும் பெருமையோடு சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "மூண்டு வருசம் தெரிஞ்சுகொண்டே இருந்தனீங்களோ?"

"ஓம்."

"என்னைப் பற்றி அவர் சொன்னதும் கேட்டனீங்கள்."

"ஓம்."

"அதுக்கு அவருக்கு ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

நான் பெட்டியின் மூடியைச் சரிசெய்தேன்.

"அவர் நேரே சொல்லுறார். நீங்கள் அவரின்ரை வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டு சிரிக்கிறியள்," என்றார். "பெட்டியைக் கொண்டு போங்கோ. எனக்கு இருக்கிற ஒரு சோடியே காணும்." பிறகு கதிரையைத் திருப்பி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பெட்டி என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. இன்னும் நான் அந்தச் சலூன் பக்கம் போகவில்லை. அத்தான் இப்போது சுவர் மணிக்கூடு சேர்க்கிறார். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன், இது ஆருடைய வீட்டில் தொங்கினது என்று விற்கிறவனிடம் கேட்கச் சொல்கிறார். நானும் கேட்டுச் சொல்கிறேன்.