ரெங்கம்மாளின் வலது கை

ரெங்கம்மாள் எனக்குச் சின்னம்மை மகள். சிவகிரியில் பிறந்தவள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் மகாராஜா என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போலீசும் பட்டாளமுமாக இருந்த வீடு. அங்கே ஆண்பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார்கள். பொம்பளைகளுக்கு உலக்கை.

புதுப்பெண் வந்த மறுநாளே புட்டுக்கு அரிசி இடிக்க விடுவது அவர்கள் வழக்கம். இடித்து முடிக்கிறவரை ‘உஸ்’ என்று ஒரு மூச்சு வெளியே வரக்கூடாது. வந்தால் பெண் கொடுத்த வீட்டுக்குத்தான் கேவலம். மகாராஜாவின் அண்ணன் சுடலைக்கண்ணுவின் பெண்டாட்டி பாதியில் உலக்கையைச் சாத்திவைத்து மூச்சு வாங்கிவிட்டாள். அவள் அப்பனைச் சாகிறவரைக்கும் “வாரும் உஸ்ஸு மாமா” என்றுதான் அந்த வீட்டில் கூப்பிட்டார்கள்.

ரெங்கம்மாள் இடித்து முடித்தாள். உள்ளே போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுவிட்டு வெளியே வந்து, “இன்னும் இருக்கா அத்தை?” என்று கேட்டாள். வந்த வீட்டில் அவளுக்கு வாய்த்த ஒரே மரியாதை அதுதான்.

லாரி ஓட்டிய மகாராஜா புளியங்குடிக்கு அந்தப் பக்கம் வண்டி கவிழ்ந்து இடுப்பு முறிந்து படுத்தான். பெற்ற இரண்டும் பையன்கள், பட்டாளத்துக்குப் போனதோடு சரி. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற சுடலைக்கண்ணு குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேற்பார்வை பார்த்தார். தம்பி பெண்டாட்டியை அங்கேயே துணி துவைக்கச் சேர்த்துவிட்டார்.

சீசனுக்கு வருகிறவன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பான். மிச்ச எண்ணெயை லாட்ஜ் துண்டிலும் படுக்கை விரிப்பிலும் துடைப்பான். அதைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து, அடித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். சாரலில் துணி காயாது. அதனால் சொட்டு இல்லாமல் பிழிய வேண்டும். சில வருஷத்தில் ரெங்கம்மாளின் வலது தோள் வீங்கிவிட்டது. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்று தைலம் தேய்த்துக்கொள்வாளாம்.

போன சீசனுக்கு முன்னால் லாட்ஜ் முதலாளி முகம்மது மீரான் ஒரு துவைக்கிற மெஷின் வாங்கினார். பிழிந்தும் கொடுத்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள் போதும். “யாருக்குக் கை ரொம்ப மோசமோ அவங்க மெஷினுக்கு” என்று சொல்லி, பிசியோதெரபி படிக்கிற ஸ்ரீவித்யா என்ற பெண்ணைச் சோதித்துப் பார்க்க வரவழைத்தார். ரெங்கம்மாள் எனக்குப் போன் போட்டாள்.

“யக்கா, இது மட்டும் கிடைச்சிட்டா என் கை பொழைச்சிரும்.”

சோதனை பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு மணல் பையைப் பிடித்துக் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி நிற்க வேண்டும். சும்மா இருக்கிற மாதிரி என்றால் ஒன்று, இனிமேல் முடியவே முடியாது என்றால் பத்து. எவ்வளவு கஷ்டம் என்று நாமே சொல்ல வேண்டும்.

கூட வேலை பார்த்த நாச்சியார் பையைத் தூக்கியதுமே, “யம்மா! பத்து இல்ல தாயி, பதினொண்ணு போடு!” என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ரெங்கம்மாள் கையை நீட்டும்போது சுடலைக்கண்ணு குடையோடு வந்து நின்றார். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

“எவ்வளவும்மா?” என்று ஸ்ரீவித்யா கேட்டாள்.

“ரெண்டு.”

முழங்கை வெடவெடவென்று ஆடியது. மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது.

“கை இப்படி ஆடுதே. யோசிச்சுச் சொல்லுங்க.”

“அவகிட்ட என்ன பிள்ளே கேக்குதே? எங்க வீட்டுல அரிசி இடிச்சவ அவ. இது அவளுக்கு விளையாட்டுச் சாமான்லா?” என்றார் சுடலைக்கண்ணு. “என்னம்மா, சரிதான?”

“ஆமா அத்தான். ஒண்ணுன்னே போட்டுக்கிடு பாப்பா.”

அந்தப் பெண் விவரமானவள். அவரை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு மெதுவாக மறுபடியும் கேட்டாள். அவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றார். ரெங்கம்மாள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். பை கையை விட்டு விழுந்தது. “வழுக்கிட்டு” என்றாள்.

மெஷின் நாச்சியாருக்குப் போனது.

“ஏட்டி, கூறுகெட்டவளே! எனக்கும் வலிதான், இல்லங்கல. நீ ஒரு ஆறு, ஏழுன்னாவது சொல்லியிருந்தா நான் விட்டுக் குடுத்திருப்பேன்” என்று நாச்சியார் திட்டினாள்.

மெஷினில் போட முடியாத கனத்த கம்பளியெல்லாம், வலுவானவள் என்று ரெங்கம்மாளுக்கே வந்தது. மறுமுனை பிடிக்க ஆள் இல்லை. ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துத் தனியாக முறுக்கினாள்.

ஐப்பசியில் அவள் திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். புருஷன் இடுப்புக்காக நேர்ந்துகொண்டாள் என்று சொந்தத்தில் எல்லோருக்கும் பேச்சு. “எங்க வீட்டுப் பொம்பளைன்னா இப்படில்லா இருக்கணும்” என்று சுடலைக்கண்ணு தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிவிட்டார்.

நான் பார்க்கப் போனபோது, “ஏட்டி, எப்ப நேந்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?” என்று கேட்டேன்.

மகாராஜா தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நேரவே இல்லக்கா. கை தலைக்கு எட்ட மாட்டேங்கு. கொண்டை போட்டு விடுன்னு இந்த வீட்டுல நான் யார்கிட்ட போய்க் கேக்க?”