என்னை டிப்ளோமட் ஆக்கிய வெற்றிலை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் டிப்ளோமட் என்றால் என்னவென்று தெரியாத ஆள் இல்லை நான். உலக யுத்தம் தொடங்கச் சில வருஷம் முந்தி, இலங்கை மலைநாட்டில் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், என் தங்கை கல்யாணத்தன்று தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் என்னை அப்படிக் கூப்பிட்டார்.

"என்னங்கய்யா, வையிறீங்களா?" என்றேன்.

"இல்ல புள்ள. ஒரு ராஜாங்கம் இன்னொரு ராஜாங்கத்துக்கிட்டப் பேச அனுப்புற ஆளு. ரெண்டு பக்கமும் மானம் போகாமக் காரியத்த முடிக்கணும்."

"சம்பளம் உண்டுங்களா?"

"சம்பளமும் உண்டு, பங்களாவும் உண்டு."

எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. அந்த மாதிரி ஆளை இப்போது ரேடியோவில் ராஜதந்திரி என்கிறார்கள். எனக்கு டிப்ளோமட்டே போதும். நான் தந்திரம் ஒன்றும் செய்யவில்லை.

நடந்தது இதுதான். மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் இருந்த தாய்மாமனை அப்பா நேரில் போய் வெற்றிலை வைத்து அழைத்திருக்க வேண்டும். கொழுந்து மும்முரம், துரை லீவு தரவில்லை. அப்பா வெற்றிலையைத் தபால்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். மாமா அதைத் திருப்பி அனுப்பி, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் கைபிடித்து அழைத்து வராமல் எங்களில் பெண் மணவறை ஏறமாட்டாள். கல்யாணத்துக்கு மூன்றே நாள். தங்கை அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். அப்பா இறங்கி வரவில்லை. நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏன் புள்ள, ஒங்கப்பன் வெத்தலயத் தபால்ல போட்டானே, முத்திரை ஒட்ட மறந்துட்டானா?"

அப்பா செய்தது சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. "இந்த வெத்தல ஒங்களுக்கு இல்ல மாமா, அத்தைக்கு" என்று தட்டை அத்தையிடம் நீட்டினேன்.

அத்தை லேசுப்பட்டவளா? ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டாள். மென்றுவிட்டால் அழைப்பை ஏற்றதாகிவிடும்.

"அப்ப நீ மட்டும் போகப் போறியா?" என்றார் மாமா, அத்தையிடம்.

"எனக்குத்தானே வெத்தல வச்சிருக்கு."

"நான் இல்லாம எவன்டி புள்ளயக் கூட்டிக்கிட்டு வருவான்?"

"அதான் மாமா, எங்களுக்கும் தெரியல" என்றேன் நான்.

கல்யாணத்துக்கு முதல் நாளே மாமா வந்து இறங்கினார். அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தங்கையின் கையைப் பிடித்து அவர் மணவறைக்கு நடந்த நடையைப் பார்த்து, அப்பாவே எழுந்து வழிவிட்டார்.