மூன்று கம்பும் ஒரு மஞ்சள் ஷீட்டும்: கோம்பை மலையடிவாரத்தில் இரண்டு நாள்

குலசாமி கும்பிடக் குடும்பத்தோடு போகிறோம், தங்குவதற்கு மண்டபம் கிடையாது, குறைந்த செலவில் நிழலுக்கு என்ன செய்யலாம் என்று போன பதிவின் கீழே சிலர் கேட்டிருந்தீர்கள். என்ன செய்யக்கூடாது என்று வேண்டுமானால் என்னால் நன்றாகவே சொல்ல முடியும். எண்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதத்துச் சனி ஞாயிறில், செய்யக்கூடாத அத்தனையையும் எங்கள் குடும்பம் ஒன்று விடாமல் செய்து முடித்தது.

என் மகள் மீனாவுக்குக் காதுகுத்து. என் கணவர் வீட்டுக் குலசாமி கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கே பொங்கல் வைத்து, சாமி முன்னால் தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாசியிலேயே முடித்திருக்க வேண்டிய காரியம். தாய்மாமன் வரமாட்டேன் என்றதால் ஆனி வரை இழுத்துவிட்டது.

தாய்மாமன் என்றால் என் தம்பி கணேசன். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை. மீனாவுக்குப் பேர் வைத்த அன்று கடையை அடைத்துவிட்டுத் தாமதமாகத் தேனிக்கு வந்தான். வாசலில் நின்ற என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், "பந்தி முடிஞ்சிருச்சே, இப்பத்தான் வர்றீகளா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். தம்பி கையில் இருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவனை இந்தக் காதுகுத்துக்குச் சம்மதிக்க வைக்க நான் போடிக்கு எத்தனை முறை நடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில், "ஒன் மொகத்துக்காக வர்றேன்க்கா. அங்கன ஒரு சொல்லு கூடக்கொறைய வந்துச்சு, அப்பிடியே திரும்பிருவேன்" என்றான். அவன் வந்து உட்கார மரியாதையாக ஒரு நிழல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே என் கவலை.

தேனியில் லாரி படுதா வாடகைக்குக் கிடைக்கும். நாளைக்குப் பதினைந்து ரூபாய். கனமான கேன்வாஸ், ஓரமெல்லாம் பித்தளை வளையம். அத்தான் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வாடகை என்ற சொல்லே அவருக்கு ஆகாது. முப்பத்தெட்டு ரூபாய்க்கு மஞ்சள் பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வாங்கி வந்தார். கீழே விரிக்க, காலி உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்த விரிப்பு. சவுக்குக் கம்பு நான்கு வேண்டும் என்று நான் சொன்னேன். "மூணு போதும். நாலாவது மொனைய மரத்துல கட்டிக்கிருவோம். மலைக்குப் போறோம், மரமா இல்ல?" என்றார். என் கணவரைப் பார்த்தேன். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். திருமணமான நாளிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவர் காலம் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ். கம்புகளுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரோடு அத்தான் வீரபாண்டி வரை வாதாடினார். சின்னமனூர் தாண்டியதும் காற்று ஆரம்பித்துவிட்டது. ஆனியில் கம்பம் பள்ளத்தாக்குக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும், நாள் முழுக்க நிற்காது, கூடவே அவ்வப்போது சாரலையும் அள்ளிக்கொண்டு வரும். தேனியிலிருந்து உத்தமபாளையம் சுமார் முப்பது கிலோமீட்டர், அங்கே இறங்கி வேறு பஸ்ஸில் கோம்பை ஏழு கிலோமீட்டர். கோம்பையிலிருந்து நான்கு கிலோமீட்டர் மண்பாதை. அதற்கு ஒரு டிராக்டர் பேசியிருந்தோம். டிரெய்லரோடு, போக வர அறுபது ரூபாய். ஓட்டியவர் பெயர் பாண்டி; இரவு அவரும் எங்களோடு அங்கேயே தங்குவதாக ஏற்பாடு.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. கிழக்குப் பார்த்த சின்னக் கருவறை, முன்னால் வேல்கள், பின்னால் மலை. எதிரே வெட்டவெளி. ஓரமாக அருமையான புளியமரம் ஒன்று நின்றது. அதன் அடியில், மேற்குப் பக்கத்தைத் தாழ்த்தி மறைத்து, கிழக்கே வாசல் விட்டுக் கட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையிருந்திருக்காது.

அத்தான் மரத்தடியில் நின்று பார்த்தார். "இங்கனயிருந்து சாமி தெரியல. மரம் மறைக்குது" என்றார்.

வெட்டவெளிக்கு நடுவில் போய் நின்றார். "வாசல் சாமியப் பாத்துத்தான் இருக்கணும். சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காரவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

பாண்டிக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, காத்து மேக்கயிருந்துல்ல வருது. அங்கன மறச்சுக் கட்டுங்க."

"சாமி அங்கனதாம்ப்பா இருக்கு" என்றார் அத்தான், பேச்சு முடிந்துவிட்டது என்ற தோரணையில்.

ஆக, காற்று வரும் திசைக்கு வாயைத் திறந்துகொண்டு ஒரு கூடாரம். மூன்று மூலைக்கு மூன்று கம்பு. மரத்தை விட்டுத் தள்ளி வந்துவிட்டதால் நாலாவது மூலையை டிராக்டர் டிரெய்லரில் கட்டினார்கள். ஷீட்டில் வளையம் கிடையாது. அத்தான் ஆணியால் மூலைகளில் ஓட்டை போட்டுக் கயிற்றை நுழைத்தார். மதியச் சோறு முடிவதற்குள் இரண்டு ஓட்டைகள் கிழிந்து நீண்டுவிட்டன. அத்தானின் மனைவி, நான் அக்கா என்பவர், "இதுக்குப் பேசாம ஆளுக்கொரு குடை கொண்டாந்திருக்கலாம்" என்றார். அவருக்கு அத்தானோடு இருபது வருட அனுபவம். சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

சனி இரவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஷீட் விடிய விடிய அடித்துக்கொண்டது. மீனா மட்டும் தூங்கினாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். கோம்பையில் தக்காளி லோடு ஒன்று இருக்கிறதாம், பதினோரு மணிக்குத் திரும்பிவிடுவாராம். முன்கூட்டியே பேசாதது எங்கள் தப்பு. நாலாவது மூலையை அவிழ்த்துவிட்டு டிராக்டர் போய்விட்டது. என் கணவர் பொங்கல் அடுப்பைக் கோயில் சுவர் மறைவில் மூட்டிக்கொண்டிருந்தார், அதுவும் மூன்று தடவை அணைந்திருந்தது. காது குத்த வந்த பத்தர் ஊசியும் விளக்குமாகக் காத்திருந்தார். அவிழ்ந்த மூலை காற்றில் பறந்து அவர் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. அத்தான் ஓடிப் போய் அந்த மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான். தேவாரம் வழியாகக் கோம்பைக்கு வந்து, நான்கு கிலோமீட்டரும் நடந்தே வந்திருக்கிறான். தலையில் சீர்த்தட்டு. வெள்ளை வேட்டியில் முழங்கால் வரை சேறு. பத்தடி தள்ளி நின்றுவிட்டான்.

எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு மூத்தவர் வாய்விட்டு "வாங்க" என்று சொல்ல வேண்டும். என் கணவர் அடுப்படியிலிருந்து சொன்னார். நானும் சொன்னேன். அதெல்லாம் கணக்கில் வராது. தம்பி அத்தானைப் பார்த்தான். அத்தான் ஷீட்டைப் பார்த்தார். சாரல் வலுத்தது. இவன் திரும்பிவிட்டால் என் பிறந்த வீட்டு உறவு அந்த வெட்டவெளியோடு போச்சு என்று பயந்துபோனேன். ஒரு வார்த்தை சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று எரிச்சலும் வந்தது.

பத்தர்தான், "நேரம் போகுது தாயி, மாமன உக்காரச் சொல்லுங்க" என்றார். நான் தம்பி தலையிலிருந்த தட்டை இறக்கி வாங்கினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மீனாவைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு எவனும் கோபித்துக்கொண்டு போக முடியாது. சாக்கு விரிப்பில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்த இடம் சரியாக நாலாவது மூலைக்குக் கீழே. கையை விட்டால் மாமன், மருமகள், பத்தர், விளக்கு எல்லாம் நனையும். அத்தான் விடவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, தம்பிக்குப் பின்னால் கம்பு மாதிரி நின்றார். முதல் காது குத்தியதும் மீனா வீறிட்டு, மாமன் சட்டைப் பையைப் பிய்த்துவிட்டாள். இரண்டாவது காதுக்கு முன்னால் ஷீட்டில் தேங்கிய தண்ணீர் மொத்தமும் அத்தான் கழுத்து வழியாக இறங்கியது. அவர் அசையவில்லை.

"மாப்ள" என்றார். "கொஞ்சம் இங்கிட்டு நகந்து உக்காருங்க. தோள் நனையுது."

தம்பி நகர்ந்தான். திரும்பிப் பார்க்காமலே, "நீங்களும் உள்ள வாங்க மாமா" என்றான்.

"நான் உள்ள வந்தா இத யாரு பிடிக்கிறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சலும் போகவில்லை.

அத்தோடு முடியவில்லை. பொங்கல் படைத்து, இலை போட்டபோதும் சாரல் நின்றபாடில்லை. பாண்டியையும் காணோம். என் கணவர் மாற்றிப் பிடிக்க வந்தார். "நீ போயி மாப்ளைக்குச் சோறு வையி" என்று அத்தான் அவரை விரட்டிவிட்டார். முதல் இலை என் தம்பிக்கு. பந்தி முடிந்துவிட்டது என்று அன்றைக்கு வாசலில் நின்று சொன்னவர், இப்போது அவன் சாப்பிட்டு, மோர் ஊற்றிக் குடித்து, இலையை மடிக்கும் வரைக்கும் கையை இறக்கவில்லை.

பாண்டி பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார். மூலையை டிரெய்லரில் கட்டிவிட்டு, மரத்துப்போன கையை உதறிக்கொண்டே அத்தான் எங்களிடம் சொன்னது இதுதான்: "பாத்தீகளா, சாமியப் பாத்துக் கட்டுனதுனால எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சு." என் கணவர் வாயைத் திறக்கப் போனார். என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும் என்பதால் நான் கேட்க நிற்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. வைகாசி முதல் ஆவணி வரை இந்தப் பக்கம் வந்தால் தாழ்ந்த பக்கம் மேற்கே இருக்கட்டும், வாசல் கிழக்கே. சாமி கோபித்துக்கொள்ளாது என்று எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். வளையம் இல்லாத மலிவான ஷீட்டில் ஓட்டை போடாதீர்கள். மூலையில் எலுமிச்சை அளவு கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினால் கிழியாது. இப்போது வளையம் வைத்த நீலத் தார்ப்பாய் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தண்ணீர் தேங்காமலிருக்க ஒரு பக்கம் நன்றாகச் சாய்த்துக் கட்டுங்கள். வண்டியில் எதையும் கட்டாதீர்கள், வண்டி போய்விடும்.

கம்பு நான்கு கண்டிப்பாக எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் இருந்தால் மட்டும், மூன்று போதும்.